வேரின் சுவை: நன்னாரி முதல் ரூட் பீர் வரை

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாள்களில் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துக் கடைத்தெருக்களில் நன்னாரி சர்பத் கடைகள் முளைத்துவிடுகின்றன. அனந்தபுரம் போன்ற சிறிய பேரூர்களும் இதற்கு விலக்கல்ல. பழுப்பு நிறப் பாகு நிறைந்த புட்டிகள், எலுமிச்சைக் குவியல், நீரில் ஊறிப் பருத்த சப்ஜா விதை, சாக்குப் போர்த்திய பனிக்கட்டி ஆகியவையே ஒரு கடைக்கு வேண்டிய முதலீடு. இப்பானத்தை அருந்தியவர் எவரிடமேனும் 'சுவை எப்படி?' என்று வினவினால், 'நல்ல குளிர்ச்சி' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். குளிர்ச்சி என்பது சுவையன்று. சுவையைக் கேட்டோம்; உடலுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். இவ்விடை அறியாமையால் வந்ததன்று என்பதும், அதன் பின்னே நெடியதொரு மரபு உண்டு என்பதும் நம் எண்ணம். அதனை விளக்கவும், கடல்களுக்கு அப்பால் இதே போன்ற வேர்களிலிருந்து பிறந்த ரூட் பீர் என்னும் பானத்தோடு நம் நன்னாரியை ஒப்பிட்டுக் காணவும் இக்கட்டுரை முயல்கிறது.

ஆறு சுவையும் அடங்காத மணமும்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு எனச் சுவை ஆறு என்பது நம் மரபு. இவ்வாறனுள் நன்னாரி எங்கே நிற்கிறது? சர்பத்தில் சர்க்கரையின் இனிப்பு உண்டு. எலுமிச்சையின் புளிப்பு உண்டு. இரண்டும் நன்னாரியுடையவை அல்ல. அவற்றைக் கழித்த பின் எஞ்சி நிற்பதுதான் நன்னாரி. எஞ்சுவதற்கோ ஆறு பெயர்களுள் ஒன்றும் முழுமையாகப் பொருந்தவில்லை.

வாசகர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு சர்பத்தை ஒரு மிடறு விழுங்குக. புளிப்பு கலந்த சர்க்கரை நீராகவே அது தோன்றும். விரல்களை எடுத்த மறுகணம் நன்னாரி வந்து சேரும். வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டும் மணத்தையே நாம் நாவின் சுவையென மயங்குகிறோம். நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தனர். ஐம்புலன்களுக்கு உரியவற்றை எண்ணும் 27ஆம் குறளில் திருவள்ளுவர் சுவையையும் நாற்றத்தையும் தனித்தனியே குறிக்கிறார். 'நாற்றம்' என்னும் சொல் அக்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். பிற்காலத்தில் அச்சொல் இழிபொருளில் ஒடுங்கிவிட்டது. நாவின் சுவைக்கு ஆறு பெயர்களை வகுத்துத் தந்த மரபு மூக்கின் மணத்துக்கு அத்தகைய பட்டியல் எதனையும் தரவில்லை. மல்லிகை மணம், மண்வாசனை, கற்பூர நெடி என்று பொருளின் பெயரைச் சேர்த்தே மணத்தைச் சொல்கிறோம். எனவே, நன்னாரி எப்படி மணக்கும் என்றால், நன்னாரி போல மணக்கும் என்பதற்கு மேல் சொல்லிட வழியில்லை.

மறுபக்கம், நம் அறுசுவைப் பட்டியல் இன்றைய உடலியலார் ஏற்காத இரண்டைச் சுவையாகவே கொள்கிறது. மிளகின் காரத்தையும் கடுக்காயின் துவர்ப்பையும் அவர்கள் தீண்டல் உணர்ச்சியின்பாற்படுத்துவர். இந்த 'மிகை' நமக்கு ஒருவகையில் உதவுகிறது. அதனைச் சோடாவைப் பற்றிப் பேசுமிடத்தில் காண்போம்.

நறுநீண்டி என்னும் பழைய பெயர்

நன்னாரி தரையில் படர்ந்தும் புதர்களைச் சுற்றியும் வளரும் மெல்லிய கொடி. நீண்டு குறுகிய கரும்பச்சை இலையில் நடுநரம்பையொட்டி வெண்ணிறக் கோடு ஓடும். கிள்ளினால் பால் வடியும். பாற்கொடி என்னும் பெயர் அதனால் வந்தது. நிலத்துள் ஆழ்ந்து செல்வதால் பாதாளமூலி என்றும் வழங்கும். செஞ்சிப் பகுதிக் குன்றுகளின் அடிவாரப் புதர்க்காடு போன்ற வறண்ட நிலமே இதற்கு உகந்தது. கடப்பாரை கொண்டு கடுந்தரையைக் கிளறித்தான் வேரை எடுக்க வேண்டும். வேரின் மணம் அதன் மேற்பட்டையில் உள்ளது. ஆகவே வீடுகளில் வேரைத் தட்டி, நடுவிலிருக்கும் கட்டை நரம்பை நீக்கி, பட்டையை மட்டும் இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பாகு காய்ச்சுவர்.

வடமொழியில் இதற்குச் சாரிவா என்பதோடு அனந்தமூலம் என்றும் பெயருண்டு. 'முடிவில்லாத வேர்' என்பது பொருள். அனந்தபுரத்துக்காரர்களுக்கு இப்பெயர் ஒரு தனி உவகையைத் தரக்கூடும். எனினும் நம் நோக்கில் இவையனைத்தினும் சிறந்த பெயர் நறுநீண்டி என்பதே. நறுமணம் உடையது, நீண்டு செல்வது என மூக்குக்கும் கண்ணுக்கும் தெரிவதைச் சொல்லிவிடுகிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலில் இக்கொடி 'நறுநிண்டி' என்ற பெயரோடேயே இடம்பெற்றது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு அந்நூலைத் தொகுத்தவர். உள்நாட்டு மருத்துவர்கள் சொன்ன பெயரை அவர் மாற்றாமல் காத்தார் என்பது நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஏனெனில் பின்வந்தோர் அவ்வாறு செய்யவில்லை.

'பொய்ச்சார்சா' ஆன கதை

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் நடு அமெரிக்காவிலிருந்து ஒரு முட்கொடியின் வேரை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். சார்சபரில்லா எனப்பட்ட அவ்வேர், ஐரோப்பாவை அப்போது வாட்டிய மேகநோய்க்கு மருந்தெனப் போற்றப்பட்டது. அதே நூற்றாண்டில் அதே நோய் கப்பல்வழி நம் நாட்டிற்கும் வந்தது. பறங்கியரோடு வந்தமையால் நம்மவர் அதனைப் பறங்கிப்புண் என்றனர். அதற்குத் தீர்வாகக் கீழ்த்திசையிலிருந்து வந்த வேர் பறங்கிப்பட்டை என்று சித்த மருத்துவத்தில் நிலைபெற்றது. சார்சபரில்லாவும் பறங்கிப்பட்டையும் ஸ்மிலாக்ஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆக, சார்சபரில்லாவின் உறவினர் நம்மிடம் முன்னரே வேறொரு பெயரில் இருந்தார். நன்னாரிக்கும் அதற்கும் தாவரக் குடும்பத்தால் தொடர்பில்லை.

இருந்தும் கும்பினி மருத்துவர்கள் நன்னாரியைக் கண்டபோது, அதன் பயன்பாட்டை நோக்கிச் சார்சபரில்லாவுக்கு மாற்றாகவே அதனை மதிப்பிட்டனர். லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெரிப்ளோக்கா இண்டிகா என்று பெயரிட்டிருந்தார். சென்னை மாகாணத்தில் பணியாற்றி, 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க் வைத்த பெயரோ அஸ்கிளேபியஸ் சூடோசார்சா. 'சூடோசார்சா' என்பதைத் தமிழாக்கினால் 'பொய்ச்சார்சா' எனலாம். சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராயிருந்த வைட்லா எயின்ஸ்லி, 1813இல் சென்னையில் அச்சிட்ட தம் மருந்துப்பொருள் நூலிலும் 1826இல் இலண்டனில் வெளியிட்ட விரிவான பதிப்பிலும் உள்நாட்டு மருந்துகளைத் தமிழ்ப் பெயர்களோடு பதிந்தார். 1864இல் நன்னாரி வேர் பிரித்தானிய மருந்துநூலில் இடம்பெற்றது. இன்றளவும் ஆங்கிலத்தில் அதன் பெயர் 'இந்திய சார்சபரில்லா' என்பதே.

இப்பெயரிலுள்ள முரண் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் மெய்ச்சார்சபரில்லா வேருக்கு மணமென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. சார்சபரில்லா என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு மணமூட்டியவை சசாஃப்ராஸ், பிர்ச் போன்ற வேறு மரங்களின் வேர்களும் பட்டைகளுமே. நம் கொடியோ தானே மணப்பது. மணமற்றது மெய்யாகவும் மணமுள்ளது பொய்யாகவும் பெயர்ப் பட்டியலில் ஏறின. ஒரு பொருளின் சுவையை அதன் சொந்தச் சொல்லால் சொல்லாமல், அயலார் அறிந்த வேறொன்றின் சாயலாகச் சொல்வதால் நேரும் கேடு இது.

சித்தர் கண்ட முக்கூறு

நன்னாரியின் சுவையை வரையறுக்கும் முயற்சி நம் மருத்துவ மரபில் முன்னரே நிகழ்ந்திருக்கிறது. சித்த மருத்துவப் பொருட்பண்பு நூல்கள் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு என மூன்று கூறுகளை வகுத்துரைக்கும். சுவை என்பது நாவில் படுவது. தன்மை என்பது உடலில் வெப்பத்தையோ தட்பத்தையோ உண்டாக்குவது. பிரிவு என்பது செரித்த பின்னர் அது கொள்ளும் சுவை. நன்னாரிக்கு இம்முறையே சொல்லப்படுவன: சுவை, இனிப்பும் சிறுகைப்பும், தன்மை, தட்பம், பிரிவு, இனிப்பு.

இதனை உளங்கொண்டு தொடக்கத்தில் கேட்ட 'குளிர்ச்சி' என்ற விடைக்குத் திரும்பினால், சர்பத் அருந்தியவர் நம் வினாவைத் தட்டிக்கழிக்கவில்லை என்பது விளங்கும். சுவையையும் உடலில் அது செய்வதையும் ஒரு வாக்கியத்தின் இரு பகுதிகளாகக் காணும் மரபில் நின்று, இரண்டாம் பகுதியை அவர் நமக்குச் சொன்னார். மதுரையின் ஜிகர்தண்டா இதற்கு இன்னொரு சான்று. பாலும் பாதாம் பிசினும் நன்னாரிப் பாகும் பனிக்கூழும் சேர்ந்த அப்பானத்தின் பெயர் அதன் சுவையைச் சொல்வதில்லை. 'ஜிகர்' என்பது ஈரலை, வழக்கில் நெஞ்சை, குறிக்கும் சொல். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. நெஞ்சைக் குளிர்விப்பது என்பதே பெயர்.

பொதுவாகவே தமிழ்நாட்டில் பானங்களுக்கு நாச்சுவையால் பெயர் அமைவது அரிது. கோலி சோடா புட்டியால் பெயர் பெற்றது. பன்னீர் சோடா மணத்தால் பெயர் பெற்றது. ஆரஞ்சும் சிவப்புமாகக் கடைகளில் நின்ற இனிப்புச் சோடாக்கள் அனைத்தையும் நம்மவர் 'கலர்' என்றே அழைத்தனர். விருந்தினர் வந்தால் 'சோடா, கலர் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பது வடதமிழகத்தின் உபசாரமாகவே இருந்தது. நிறமே பெயராகிவிட்டபின் அதன் சுவை என்னவென்று எவரும் ஆராய்ந்ததில்லை.

வேரிலிருந்து பிறந்த அமெரிக்க பானம்

இனி ரூட் பீருக்கு வருவோம். வட அமெரிக்கத் தொல்குடியினர் சசாஃப்ராஸ் மரத்தின் வேர்ப்பட்டையை மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். குடியேறிய ஐரோப்பியர் அதனோடு பிர்ச் பட்டை, விண்டர்கிரீன் இலை, இஞ்சி, அதிமதுரம் முதலியவற்றைக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் நொதியும் சேர்த்து வீட்டுப் பானமாக்கினர். அதனை வணிகப் பொருளாக்கியவர் ஃபிலடெல்ஃபியா நகரின் மருந்துக்கடைக்காரர் சார்ல்ஸ் எல்மர் ஹயர்ஸ். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி 1876இல் அந்நகரில் நடந்த பொருட்காட்சியில் அவர் தம் பானத்தை மக்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் 'வேர்த் தேநீர்' என்று பெயரிட எண்ணினார் என்றும், சுரங்கத் தொழிலாளர் நாட வேண்டுமெனில் 'பீர்' என்றிருத்தல் நலமென நண்பர் ஒருவர் அறிவுறுத்தினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

ஹயர்ஸ் மதுவை வெறுத்தவர். தம் பானத்தை மதுவுக்கு மாற்றாகவே முன்வைத்தார். ஆயினும் அந்தப் பெயரே அவருக்கு இடராயிற்று. 1895 முதல் 1898 வரை அமெரிக்க மகளிர் மதுவிலக்குச் சங்கத்தார் பெயரைக் கண்டு ஐயுற்று அப்பானத்தைப் புறக்கணித்தனர். 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு நிலவியபோது ரூட் பீர் நன்கு பரவியது. சென்னை மாகாணத்திலும் 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இங்கே கள்ளுக்கு மாற்றாகப் பேசப்பட்டது சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர். அங்கே வேர், இங்கே பனை என்பதே வேறுபாடு.

தமிழ் நாவும் தைல மணமும்

ரூட் பீரின் சுவையைத் தமிழருக்கு எவ்வாறு விளக்குவது? மலேசியத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. ஏ அண்டு டபிள்யூ உணவகம் 1963இல் கோலாலம்பூருக்கு வந்ததிலிருந்து, உறைகுளிர்ந்த கண்ணாடிக் குவளையில் நுரை ததும்பும் ரூட் பீர் அங்கே பழகிய பானம். சார்சி என்ற சார்சபரில்லாச் சோடாவும் அங்கு உண்டு. தமிழ்நாட்டில் வளர்ந்து முதன்முறை அதனை அருந்துபவருக்கோ அது திகைப்பூட்டும். முதலில் இனிப்பு; உடனே வெனிலாவின் மென்மை; அதன்மேல் அதிமதுரத்தையும் சோம்பையும் நினைவூட்டும் ஒரு வெதுவெதுப்பு; இறுதியில், எங்கிருந்தோ வலிநீக்கித் தைலத்தின் நெடி. 'நன்னாரி சர்பத்தில் தைலம் கலந்துவிட்டார்கள்' என்றே தோன்றும்.

அந்த எண்ணம் பிழையன்று. ரூட் பீரின் முதன்மை மணங்களுள் ஒன்று விண்டர்கிரீன். அதன் சாரம் மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள். நம் நாட்டு வலிநீக்கித் தைலங்களிலும் களிம்புகளிலும் மணப்பது அதுவே. நீலகிரி மலையில் விளையும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்தும் இவ்வெண்ணெயை வடித்தெடுப்பர். உதகைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தின் அருகே விண்டர்கிரீன் தைலம் என்ற பெயரில் கிடைக்கும். மூட்டு வலிக்குத் தேய்ப்பதாக நாம் அறிந்த மணத்தை அமெரிக்கக் குழந்தை பிறந்தநாள் விருந்தின் மணமாக அறிந்திருக்கிறது. மணம் ஒன்றே; அதனை முதன்முதலில் எந்த இடத்தில் சந்தித்தோம் என்பதைப் பொறுத்து அது மருந்தாகவோ விருந்தாகவோ ஆகிறது.

வேதியியல் இங்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருள் 2-ஹைட்ராக்சி-4-மீத்தாக்சி பென்சால்டிஹைடு. வெனிலாவின் மணப்பொருள் வெனிலின். விண்டர்கிரீனின் மணப்பொருள் மேற்சொன்ன மெத்தில் சாலிசிலேட். இம்மூன்றின் மூலக்கூற்றிலும் உள்ளவை 8 கரி அணு, 8 நீர்வளி அணு, 3 உயிர்வளி அணு. கூட்டல் கழித்தல் ஏதுமில்லை. அணுக்களின் அடுக்குமுறை மட்டுமே வேறு. 'வாசி' என்னும் சொல்லின் எழுத்துகளை முறைமாற்றினால் 'சிவா' ஆகும் என்பது சித்தர் மரபில் வழங்கும் சொல்விளையாட்டு. இயற்கையும் அவ்வாறே ஒரே எழுத்துகளை முறைமாற்றி மூன்று மணங்களை எழுதியிருக்கிறது. ரூட் பீரை முதன்முறை அருந்தும் தமிழர் நன்னாரியை நினைப்பதில் அப்படியொன்றும் வியப்பில்லை.

இதே நன்னாரி மணப்பொருள் மாகாளிக்கிழங்கிலும் மிகுதியாக உண்டு. மோரில் ஊறிய மாகாளி ஊறுகாயைச் சிலர் தயிர்ச்சோற்றுக்கு அமுதென்பர். சிலர் 'மூட்டைப்பூச்சி நாற்றம்' என்று எழுந்தே போய்விடுவர். பின்னவரும் நன்னாரி சர்பத்தை விரும்பிக் குடிப்பவராக இருத்தல் கூடும். சர்க்கரையோடு வந்தால் நறுமணம், உப்போடு வந்தால் துர்நாற்றம்! பெயர் இல்லாத மணம் உடன்வரும் சுவையின் பெயரை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

சோடாவின் கார்ப்பு

இவ்வேர்ப் பானங்களுக்கு இன்றைய வடிவம் தந்தவை சோடாவும் பனிக்கட்டியும். ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மது வடிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கும் வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். ஜேக்கப் ஷ்வெப் 1783இல் ஜெனீவாவில் அதனை வாணிகமாக்கினார். கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த புட்டிக்கு ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் மறைந்துபோன அப்புட்டி நம்மூர்ப் பெட்டிக்கடைகளில் நூற்றாண்டு கடந்து வாழ்ந்தது.

பனிக்கட்டியோ அமெரிக்காவிலிருந்தே வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். ரூட் பீர் உருவாவதற்கு முன்னரே அமெரிக்கப் பனி சென்னைக்கு வந்துவிட்டது என்பது சுவையான செய்தி.

சோடா நாவில் 'சுரீர்' என்று தைப்பது குமிழிகள் உடைவதால் மட்டுமன்று. கரைந்த வாயு நாவின்மேல் அமிலமாக மாறி, புளிப்பை அறியும் அணுக்களைத் தூண்டுகிறது என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனோடு கடுகையும் மிளகையும் போல எரிச்சலை உணரும் நரம்புகளையும் அது தொடுகிறது. புளிப்பும் எரிவும் சேர்ந்த இவ்வுணர்ச்சியை அயல்மொழிச் சுவைப்பட்டியல்களில் எங்கே வைப்பதென்று தேட வேண்டியிருக்கும். கார்ப்பைச் சுவையாகவே ஏற்ற நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இலங்கைத் தமிழர் விரும்பும் இஞ்சிச் சோடாவில் இஞ்சியின் கார்ப்பும் வாயுவின் கார்ப்பும் இணைந்திருப்பதை நா எளிதில் உணரும்.

சிறுகைப்பு என்னும் உரைகல்

சுவையைச் சொல்லத் தெரியவேண்டியதன் தேவை என்ன என்று கேட்கலாம். சசாஃப்ராஸின் கதையே அதற்கு விடை. அவ்வேரிலுள்ள சாஃப்ரோல் என்னும் பொருள் எலிகளுக்குக் கல்லீரற் புற்றை உண்டாக்குவதாகக் கண்டு, 1960இல் அமெரிக்க அரசு அதனை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. தடை தக்க காரணத்தோடு வந்தது. ஆனால் அன்றுமுதல் ரூட் பீரின் மூல மணம் செயற்கைக் கலவைகளாலோ சாஃப்ரோல் நீக்கிய சாற்றாலோ ஈடுசெய்யப்பட்டது. பெயரில் வேர் நிலைத்தது. அதற்குப் பின் பிறந்தோர் தாம் அருந்துவதையே வேரின் சுவை எனக் கொண்டனர்.

நம் நன்னாரிக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. ஆயினும் அதே நிலை தடையின்றியே வந்துகொண்டிருக்கிறது. வேரை அகழ்ந்தால் கொடி மடிகிறது. மீண்டும் தழைக்கக் காலம் வேண்டும். புதர்க்காடுகள் சுருங்கச் சுருங்க வேர் தேடும் உழைப்பு பெருகுகிறது. வேரை அறிந்து அகழ்ந்துவரும் இருளர் போன்ற மக்களின் உழைப்புக்குக் கிடைக்கும் கூலியோ சிறிது. இந்நிலையில் சர்க்கரைப் பாகில் நிறமும் எசன்சும் கலந்து 'நன்னாரி' என்று புட்டியில் ஒட்டுவது எளிது. மணமூட்டி இயற்கையானதா செயற்கையானதா என்பதை உறையில் குறிக்க வேண்டும் என்பது நம் உணவுச் சட்ட விதி. அந்தச் சிற்றெழுத்துகளைப் படிப்பவர் எத்தனை பேர்?

உள்ளூர்ப் பானம் ஒன்றை மக்கள் காக்க முனைந்தால் காக்க முடியும். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ அதற்குச் சான்று. 1977இல் கோக்க கோலா இந்தியாவை விட்டுச் சென்றதையும் 1993இல் திரும்பியதையும் கடந்து அது நின்றது. ஏறுதழுவல் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது கடைகளில் மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. ஆனால் பவண்டோவைக் காக்க அதன் பெயரை நினைவிற் கொண்டாலே போதும். நன்னாரியைக் காக்கப் பெயர் போதாது. ஏனெனில் பெயர்தான் முதலில் களவு போகிறது. நிறத்தால் 'கலர்' என்றும் மணத்தால் 'பன்னீர்' என்றும் பெயரிட்டுப் பழகிய நமக்கு, நிறமும் மணமும் சரியாக இருந்தால் பொருளும் சரியென்றே தோன்றிவிடும். எசன்சு தருபவை அவ்விரண்டையுமே.

எசன்சு தராத ஒன்றைச் சித்தர் நூல்கள் குறித்து வைத்துள்ளன: சிறுகைப்பு. வேர்ப்பட்டையை ஊறவைத்துக் காய்ச்சிய பாகில், இனிப்பு அடங்கியபின் நாவின் அடியில் மெலிதாக ஒரு கைப்பு எழும். சற்றே துவர்ப்பும் கூடும். மணப்பொருளை மட்டும் சேர்த்த பாகில் இனிப்பு முடிந்த இடத்தில் வேறொன்றும் இராது. மூக்கை ஏமாற்றலாம், கண்ணை ஏமாற்றலாம். இந்தச் சிறுகைப்பை அறிந்த நாவை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. அறியாத நா அதனைக் குறையென்று எண்ணி, அடுத்தமுறை எசன்சுப் பாகையே கேட்டு வாங்கும்.

எனவே ஒரு பானத்தின் சுவையை உரைக்கப் புகுவோர் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம் என்பது நம் துணிபு. நாவில் என்ன பட்டது? மூக்கில் என்ன மணந்தது? தீண்டலில் என்ன தைத்தது? உடலில் என்ன செய்தது? ரூட் பீருக்கு விடை: இனிப்பு, தைலமும் வெனிலாவும், சோடாவின் கார்ப்பும் நுரையின் மென்மையும், பனியின் தற்காலிகத் தண்மை. நன்னாரிக்கு விடை: இனிப்பும் சிறுகைப்பும், நறுநீண்டியின் தனி மணம், எலுமிச்சையின் கூர்மை, நின்று நிலைக்கும் தட்பம். பிள்ளைகளுக்கு அடுத்த கோடையில் சர்பத் வாங்கித் தருவோர், இனிப்பு முடிந்தபின் நாவில் என்ன எஞ்சுகிறது என்று அவர்களைக் கேட்க வேண்டும். 'கொஞ்சம் கசக்கிறது' என்று பிள்ளை முகம் சுளித்தால், அது வேர்தான் என்று சொல்லிக் கொடுக்கலாம்.